ஈரத்திரி

மண்ணச்சநல்லூரில் அரிசி மில்லுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் மூன்று மில்லுக்குச் சேர்த்து ஒரே களம் இருந்தது கடைத்தெருவுக்குப் பின்னால் ஓரிடத்தில்தான். கிழக்கே காளியாயியின் மில். மேற்கே மருதையின் மில். நடுவில் கொஞ்சம் உள்ளடங்கினாற்போல நல்லதம்பியின் சின்ன மில். மூன்றுக்கும் முன்னால் பாய் விரித்த மாதிரி பெரிய சிமிண்டுக் களம். வெயிலும் பொது, மழையும் பொது, நெல் துழாவுகிற பெண்களும் பொது. அதனால் "இன்றைக்கு நெல் நனைக்கலாம்" என்று சொல்லுகிற வாயும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு கட்டு. ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு பேச்சு என்றால், அள்ளுகிற நேரத்தில் கை பத்தாமல் மூன்று பேர் நெல்லும் போய்விடும் அல்லவா?

அந்தச் சொல் லேசுப்பட்டதல்ல, கண்ணுகளா. புழுங்கல் அரிசிக்கு நெல்லைச் சாயங்காலம் தொட்டியில் நனைத்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. விடிந்ததும் அவித்தே ஆக வேண்டும். அவித்ததைக் களத்தில் கொட்டிப் பரப்பிக் காயவைத்தே ஆக வேண்டும். பாதி காய்ந்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் அரிசி கறுத்துப் புளித்து நாறும். அந்தச் சோற்றை வைத்தால் மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வெகுகாலமாக அந்தச் சொல் மருதையிடம் இருந்தது. அவர் மழையைத் தன் இடது முட்டியில் பார்ப்பவர். முட்டி குடைந்தால் மழை. சும்மா இருந்தால் வெயில். முந்தின வருஷம் ஐப்பசியில் முட்டி சும்மா இருந்தது, மழை சும்மா இருக்கவில்லை. களத்து நெல்லெல்லாம் சாக்கடைப் பக்கம் ஊர்வலம் போனது. அன்றைக்குத்தான் காளியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இனிமே களத்துக்கு நான் சொல்றேன்" என்றாள்.

புருஷன் போன பிறகு மில்லைத் தானே நின்று நடத்துகிறவள் அவள். எட்டாவது வரைக்கும் படித்தவள். குரலில் ஒரு கணீர் இருக்கும். பஸ் ஏறிக் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டித் திருச்சிக்குப் போனாள். காலேஜ் பிள்ளைகளுக்குச் சோதனைச் சாமான் விற்கிற கடையில் ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் கேட்டாள்.

"யாருக்கும்மா காய்ச்சல்?" என்றான் கடைக்காரன்.

"வானத்துக்கு. ஒழுங்கா அளவு காட்டுறதா பாத்துக் குடுப்பா."

தச்சனிடம் சொல்லிச் சட்டம் சட்டமாக மரம் வைத்து, காற்று போகவும் வெயில் படாமலும் ஒரு சின்னக் கூண்டு செய்தாள். சுண்ணாம்பு அடித்தாள். நெஞ்சுயரக் கம்பத்தின்மேல் களத்து ஓரமாக நிறுத்தினாள். உள்ளே இரண்டு தெர்மாமீட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டாள். ஒன்று வெறுமனே இருக்கும். இன்னொன்றின் அடிக்குமிழில் பருத்தித்திரி சுற்றி, திரியின் வாலைக் கீழே ஒரு பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டிருக்கும். காற்று வறண்டிருந்தால் திரியின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் போகப் போகக் குமிழ் குளிரும், பாதரசம் இறங்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தால் நெல் காயும். காற்றில் ஏற்கெனவே ஈரம் கனத்திருந்தால் திரி காயாது, இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். அப்போது ஒரு பிடி நெல்லைக்கூட நனைக்கக்கூடாது. மண்பானைத் தண்ணீர் கோடையில் ஏன் ஜில்லென்று இருக்கிறது, ஐப்பசியில் ஏன் இல்லை, அதே சங்கதிதான்.

இதோடு பாத்திரக்கடையில் சொல்லிச் செய்த ஒரு செப்பு மழைமானி. கொல்லன் வெட்டிக்கொடுத்த ஒரு தகர மீன், காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பும்.

"என் கண்ணைக்கூட நான் நம்ப மாட்டேன். கண்ணாடியை நம்புவேன்" என்பாள் காளியாயி.

மருதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்துத்தான். "ஒரே ஒரு தடவை தப்பட்டும் தங்கச்சி. சொல்லு எங்கிட்டத் திரும்பி வந்துடணும். அப்புறம் நீ வாயத் தொறக்கக்கூடாது."

"சரிண்ணே" என்றாள் காளியாயி. அவள் தப்பப் போவதாக அவளுக்கே தோன்றவில்லை.

புது நயா பைசா வந்த வருஷம் அது. ஆடியில் தப்பவில்லை, ஆவணியில் தப்பவில்லை. புரட்டாசியில் ஊரெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் களத்தில் மட்டும் நெல் சலசலவென்று காய்ந்தது. நல்லதம்பி பார்ப்பவர்களிடமெல்லாம் "அக்கா மழையையே கட்டிப்போட்டு வெச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். திருச்சித் தென்னூரில் அரிசி மண்டி வைத்திருந்த இன்னாசிராஜ் தேடிக்கொண்டு வந்து, தீபாவளி விற்பனைக்கான அரிசி முழுவதையும் இந்தக் களத்திலேயே கேட்டார். ஆயுத பூஜை கழிந்த மறுநாள் நனைப்பதாகப் பேச்சு.

ஆயுத பூஜைக்கு மூன்று மில்லையும் கழுவித் துடைத்தார்கள். நெல் குத்துகிற ஹல்லருக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம், முறத்துக்கும் விளக்குமாற்றுக்கும்கூட ஆளுக்கொரு பொட்டு. வெள்ளைக் கூண்டுக்கும் யாரோ குங்குமம் வைத்துச் செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். காளியாயிக்குப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பூஜையில் வைத்த கருவியைத் தொடக்கூடாது என்று அன்றைக்கு அவள் கூண்டைத் திறக்கவில்லை.

விஜயதசமி காலையில் எல்லாரும் களத்தில் கூடிவிட்டார்கள். நல்ல நாள், முதல் நனைப்பு. வானம் கழுவிக் கவிழ்த்த வெண்கலத் தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. காளியாயி கூண்டைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

இரண்டு கோடும் ஒரே மட்டம்.

கிண்ணத்தைப் பார்த்தாள். நிரம்பியே இருந்தது. எப்போதும் ஒருநாள் விட்டால் கால் கிண்ணம் குறைந்திருக்கும். காற்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அப்படியானால் காற்றுக்குத் தாகமே இல்லை என்றுதானே அர்த்தம்? அவளுக்குச் சந்தேகமே எழவில்லை.

"நனைக்க வேண்டாம்" என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க? வானத்தைப் பாருங்க!" என்றான் நல்லதம்பி.

"வானத்தை நீ பாரு. மழை வருது. பெரிய மழை."

மருதை வேட்டியை மடித்துக் கட்டி முட்டியைத் தட்டிக் காட்டினார். "இதப் பாரு. இது தூங்குது தங்கச்சி. குறட்டை விடுது."

"போன வருஷமும் தூங்குச்சேண்ணே."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தொட்டிகள் காலியாகக் கிடந்தன. அன்றைக்கு அடித்த வெயிலில் களத்துச் சிமிண்டில் கால் வைக்க முடியவில்லை. ஒரு மேகமும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலும் இரண்டு கோடும் ஒரே மட்டம். அன்றைக்கும் "வேண்டாம்" என்றாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. களத்துப் பெண்கள் வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலைக்குப் பேன் பார்த்தார்கள். பக்கத்துத் தெரு மில்லுகளில் எல்லாம் அவித்த நெல்லின் வாசனை எழுந்து, வேண்டுமென்றே இவர்கள் பக்கமாக வந்து போனது. மத்தியானம் இன்னாசிராஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"காளியாயியம்மா, மழை எங்கேங்க? ஸ்ரீரங்கத்துலயும் காணோம், ஜங்ஷன்லயும் காணோம். வழியெல்லாம் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

"வரும்."

"மாதா மேல சத்தியமாச் சொல்றேன், உங்களை நம்பித்தான் மத்த மில்லுக்காரங்களை வேண்டாம்னுட்டேன். நாளைக்கும் நனைக்கலேன்னா நான் வேற எடம் பாக்கணும்."

மருதை அந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர்போலத் தொண்டையைச் செருமினார். "நாளைக் காலம்பற வரைக்கும் பாப்போம். மழை இல்லேன்னா சொல்லு எங்கிட்ட வருது. பேச்சு பேச்சுதானே தங்கச்சி?"

"பேச்சு பேச்சுதாண்ணே" என்றாள் காளியாயி. குரலில் கணீர் குறையவில்லை. ஆனால் வீட்டுக்குள் போனதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மில்லைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. "பொம்பளை பேச்சைக் கேட்டா இப்படித்தான்" என்று நாளைக்கு ஒரு வாய் சொன்னால், அப்புறம் இந்தக் களத்தில் அவள் எதைச் சொன்னாலும் காற்றோடு போய்விடும். அது அவளுக்குத் தெரியும்.

தலைக்கு ஊற்றிக்கொண்டாலாவது சூடு தணியும் என்று கிணற்றடியில் நாலு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டாள். ஈரச் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து, ரெண்டு வாய் மோர்ச்சோறு கரைத்துக் குடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொடியில் சேலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது.

இவ்வளவு பெரிய சேலையைக் காற்று நிமிஷத்தில் குடிக்கிறது. ஒரு விரல் நீளத் திரியை இரண்டு நாளாகக் குடிக்க முடியவில்லையா?

ஈரக் கூந்தலை முடியக்கூட நிற்காமல் களத்துக்கு ஓடினாள். கூண்டைத் திறந்து, இந்த இரண்டு நாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். திரியை விரலால் தொட்டாள். வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

நல்லெண்ணெய்! சுத்தமான செக்கு நல்லெண்ணெய்!

காளியாயிக்கு வந்ததே ஒரு சிரிப்பு. களத்து ஓரத்தில் தனியாக நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எண்ணெய் எங்கே காற்றோடு போகும்? போகாத இடத்தில் குளிர்ச்சி எங்கே வரும்? இரண்டு குமிழும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சூட்டில் நின்றிருக்கின்றன.

"என்னம்மா, தனியாச் சிரிக்கிறீங்க?" என்று வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள் பவுனம்மாள். களத்துப் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள்தான்.

"பவுனு, இந்தக் கிண்ணத்துல எண்ணெய் யாரு ஊத்துனது?"

"நாந்தாம்மா ஊத்துனேன்" என்றாள் பவுனம்மாள், பெருமையாகவே. "பூசையன்னிக்குப் பொட்டு வைக்கத் தொறந்தேன். மாடம் இருக்கு, திரி இருக்கு, கிண்ணத்துல பாத்தா எண்ணெய்க்குப் பதிலாத் தண்ணி! நல்ல நாளும் அதுவுமா சாமி விளக்கு இப்படியா கெடக்கும்னு, தண்ணியக் கொட்டிட்டு எண்ணெய் ஊத்துனேன். ஏத்தலாம்னுதான் பாத்தேன். கண்ணாடி வெடிச்சுடுமோன்னு விட்டுட்டேன்."

"ஏத்தாம விட்டியே, அதுக்கு ஒனக்குக் கோடி புண்ணியம்!"

விஷயம் புரிந்ததும் பவுனம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்துக் காளியாயி அவள் தோளைத் தட்டினாள். "அட, விடு. தெனமும் தண்ணி ஊத்துறவ நான். திரிய ஒரு தடவை தொட்டுப் பாக்க எனக்கு என்ன கேடு?"

யாருக்கும் தெரியாமல் திரியை மாற்றிவிட்டு, "இப்போது காற்று மாறிவிட்டது" என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். ஆனால் அவள் எல்லாரையும் கூப்பிட்டாள். மருதை, நல்லதம்பி, கிளம்பத் தயாராக இருந்த இன்னாசிராஜ், பெண்கள் எல்லாரையும் கூண்டைச் சுற்றி நிறுத்தி, எண்ணெய்த் திரியைக் கையில் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு நாளாத் தப்பாச் சொல்லிட்டேன். இதுதான் காரணம். பாக்க வேண்டியது என் வேலை, நான் பாக்கல. சொல்லு இனிமே மருதையண்ணனோடது."

மருதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப் பாவமே! எண்ணெய் ஊத்துனது ஊத்துனீங்க, கொஞ்சம் மொளகாப்பொடியும் வெச்சிருந்தா இட்டிலியாவது தொட்டுத் தின்னிருக்கலாம்!" சிரித்து முடித்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, களம் அதிரச் சொன்னார். "நனைங்கடா நெல்லை!"

அன்று சாயங்காலம் மூன்று மில்லிலும் தொட்டி நிரம்பியது. காளியாயி பழைய வேட்டித் துணியில் நூல் உருவி, சீயக்காயில் அலசிப் புதுத்திரி போட்டாள். கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். சற்று நேரத்தில் ஈரக்குமிழின் பாதரசம் விறுவிறுவென்று இறங்கியது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் தாராளமான இடைவெளி. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

விடிந்தது. அவித்த நெல் ஆவி பறக்கக் களத்தில் கொட்டிப் பரப்பப்பட்டது. பெண்கள் வரிசையாக நடந்து நடந்து காலால் கோடு போட்டுத் துழாவினார்கள். வெயில் வாகாக அடித்தது. மருதை நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர்போல எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். இன்னாசிராஜ்கூட நெல்லைப் பார்த்துப் போகவென்று காலையிலேயே வந்துவிட்டார்.

மத்தியானம் கடந்து காளியாயி கூண்டைத் திறந்தாள். திரியை விரலால் தொட்டாள். தண்ணீர்தான். குளிர்ச்சிதான். ஆனால் இடைவெளி காலையில் இருந்ததில் பாதியாகச் சுருங்கியிருந்தது. போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். இன்னும் சுருங்கியிருந்தது. தலையைத் தூக்கித் தகர மீனைப் பார்த்தாள். காலையெல்லாம் மேற்கே பார்த்து நின்ற மீன் தென்கிழக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு சிலிர்த்தது.

வெயிலோ அடித்துக்கொண்டேதான் இருந்தது.

 காளியாயியிடம் இப்போது களத்துச் சொல் இல்லை. இரண்டு முறை மழை மழை என்று கத்தி, ஊரே சிரிப்பாய்ச் சிரித்தாயிற்று. மூன்றாவது முறையும் தப்பினால் மில்லைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டியதுதான். ஆனால் களத்தில் கிடந்தது மூன்று வீட்டு நெல். முக்கால் பதம் காய்ந்த நெல்.

"அள்ளுங்க!" என்றாள். அந்தப் பழைய கணீர்.

பெண்கள் நின்றார்கள். வெயிலைப் பார்த்தார்கள். மருதையைப் பார்த்தார்கள்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு வெளக்கெண்ணெயா?" என்றார் மருதை. "உக்காரு. என் முட்டி ஒண்ணும் சொல்லல."

"முட்டியோட நான் பேசலண்ணே. திரியத் தொட்டுப் பாத்துட்டேன். மழை வருது."

"சொல்லு யாருதுன்னு நேத்துத்தானே பேசுனோம்?"

"சொல்லு உங்களோடதுதான். சத்தம் என்னோடது. அள்ளுங்கடி!"

யாரும் அசையவில்லை. பிறகு பவுனம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். நெல் இழுக்கிற பலகையை எடுத்தாள். "எண்ணெய் ஊத்துன கை இது. பலகையும் இதே கைதான் இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காளியாயியின் நெல்லை நோக்கி நடந்தாள்.

"அங்கே இல்ல பவுனு!" என்று கத்தினாள் காளியாயி. "அண்ணன் நெல்லு பள்ளத்துல கெடக்கு. மொதல்ல அதை அள்ளு. தண்ணி அங்கதான் தேங்கும். என்னுது மேட்டுல கெடக்கு, கடைசியாப் பாத்துக்கலாம்."

"என் நெல்லுல கை வைக்காதே!" என்று நாற்காலியை விட்டு எழுந்தார் மருதை.

"வெச்சாச்சுண்ணே. மழை வரலேன்னா இந்தக் கூண்டை வெட்டி உங்க வீட்டு அடுப்புல வைங்க. நானே கோடாலி எடுத்துத் தரேன்."

அவள் பேசிக்கொண்டே பலகையின் மறுநுனியைப் பிடித்துவிட்டாள். தன் நெல் பரந்து கிடக்க அவள் மருதையின் நெல்லைக் குவிப்பதைப் பார்த்து நல்லதம்பிக்கு என்ன தோன்றியதோ, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தான். அவனைப் பார்த்துப் பெண்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். களம் திமுதிமுவென்றது.

இன்னாசிராஜ் மட்டும் மருதையின் மில் மாடிப்படியில் ஏறி நின்று தெற்கே பார்த்தார். திடீரென்று அவர் குரல் கீச்சிட்டது.

"மாதாவே! மலைக்கோட்டையக் காணோம்!"

எல்லாரும் ஒரு கணம் நிமிர்ந்தார்கள்.

"ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரியுதா?" என்று கீழேயிருந்து கத்தினாள் காளியாயி.

"தெரியுது... தெரியுதுங்க... ஐயோ, அதுவும் போயிடுச்சு! வெள்ளையா ஒண்ணு ஆத்தைத் தாண்டி வருதுங்க!"

அதற்கப்புறம் மருதை அண்ணனாகவும் இல்லை, சொல்லுக்காரராகவும் இல்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தார்ப்பாயின் கயிற்றை இழுத்த ஒரு ஆளாக இருந்தார். அவர் நெல்லை மேட்டுக்கு இழுத்துக் குவித்து மூடியாயிற்று. நல்லதம்பியின் குவியல் மூடியாயிற்று. காளியாயியின் நெல்லை அள்ளும்போது வெயில் பட்டென்று அணைந்தது. மண்வாசனையோடு காற்று வந்து பெண்களின் சேலையைப் பாய்மரம் மாதிரி ஊதியது. கடைசித் தார்ப்பாயின் மூலையில் நல்லதம்பி கல்லை உருட்டி வைக்கவும், புளியங்கொட்டைத் தண்டிக்கு முதல் துளி அவன் முதுகில் விழுந்து வெடிக்கவும் சரியாக இருந்தது.

கொட்டியதே பாருங்கள் அன்றைக்கு! எதிர் மில் தெரியவில்லை. பள்ளத்தில் முழங்கால் மட்டுக்குத் தண்ணீர் சுழித்தது. காலையில் மருதையின் நெல் கிடந்த இடம் அது. காளியாயியின் மில் தாழ்வாரத்தில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னாசிராஜ் மூன்று குவியலையும் மாறி மாறி எண்ணிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மருதை வேட்டியைப் பிழிந்தார். துண்டைப் பிழிந்தார். பிழிய ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். மழைச் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் காளியாயியின் பக்கம் திரும்பாமலே, எல்லாருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்.

"ஏந் தங்கச்சி... மிச்ச நெல்லை நாளைக்கு நனைக்கலாமா?"

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். 

காளியாயி ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டாள்.

"காலையில திரியத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றாள்.